சுந்தரவனம்: நிவாரணம் மட்டும் போதாது

மேற்கு வங்கத்தின் சுந்தரவனப் பகுதியில் ஏறத்தாழ 45 லட்சம் மக்கள் வாழ்கின்றனர். 2009இல் அய்லா, 2020இல் ஆம்பன், 2021இல் யாஸ் என வந்த புயல்கள் மண்கரைகளை உடைத்தன. உப்புநீர் புகுந்த வயல்களில் நெல் பொய்த்தது. மக்கள் வாழ்ந்த லோஹாசரா தீவு மூழ்கியது. கோராமாரா தீவு கரைந்து வருகிறது.

புயலுக்கு நிவாரணம் உண்டு. ஆனால், அன்றாடம் நிலத்தை விழுங்கும் கரையரிப்பு, ஒன்றிய அரசின் பேரிடர்ப் பட்டியலிலேயே இல்லை. அரிப்பால் இடம்பெயர்ந்தோரின் மறுகுடியமர்வுக்கு 15ஆவது நிதிக்குழு 2021-26 காலத்திற்குப் பரிந்துரைத்தது, நாடு முழுமைக்கும் 1,000 கோடி ரூபாய் மட்டுமே.

ஆம்பனுக்குப் பின் 5 கோடி அலையாத்திக் கன்றுகள் நடும் பணிக்கு ஊரக வேலை உறுதித் திட்டமே கைகொடுத்தது. முறைகேடுகளைக் காரணம் காட்டி, 2022 மார்ச்சில் மோடி அரசு மாநிலத்திற்கான அத்திட்ட நிதியை நிறுத்தியது. முறைகேடு செய்தோரை விட்டுவிட்டு உழைப்பாளியின் கூலியைப் பறிப்பது என்ன நியாயம்? திரிணாமுல் அரசின் யோக்கியதையும் இதுதான்: ஆம்பன் நிவாரண வழங்கலைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் ஆராயுமாறு உயர்நீதிமன்றமே உத்தரவிட நேர்ந்தது.

நிலமிழந்த இளைஞர்கள் கேரளத்திற்கும் தமிழகத்திற்கும் கட்டுமானக் கூலிகளாகப் புறப்படுகின்றனர். இதற்குப் பெயர் தகவமைப்பு அல்ல, கைவிடல்.

கரையரிப்பைப் பேரிடராக அறிவிக்க வேண்டும். நிலத்திற்கு நிலம், வீட்டிற்கு வீடு என மறுவாழ்வைச் சட்டப்பூர்வ உரிமையாக்க வேண்டும். கரை காக்கும் பணிகளைக் கிராமசபைகள் கண்காணிக்க வேண்டும். புவி வெப்பமாதலுக்குச் சிறிதும் காரணமாகாத மீனவரும் விவசாயத் தொழிலாளரும் அதன் விலையைச் சுமப்பதை இனியும் அனுமதிக்க முடியாது.