காடு தன்னால் தேறாது

"மனுசன் கையை எடுத்துட்டாப் போதும், எல்லாம் தன்னால தேறிக்கும்." சத்தியமங்கலத்து டீக்கடை பெஞ்சிலும் இதையே சொல்கிறார்கள், கோவையில் நடக்கும் சூழல் கருத்தரங்குகளிலும் இதையே சொல்கிறார்கள். 2020 ஊரடங்கில் ஆறு தெளிந்தது, தெருவுக்கு மயில் வந்தது என்று பகிரப்பட்ட படங்கள் இதற்குச் சாட்சி ஆகிவிட்டன. சந்தன மரமும் தந்தமும் கடத்திய வீரப்பன் பதுங்கியிருந்த எங்கள் பக்கத்தில் இதற்கு இன்னொரு வடிவமும் உண்டு: "வீரப்பன் இருந்தவரைக்கும் ஒருத்தனும் உள்ளே போகல. காடு காடா இருந்துச்சு." கேட்க இதமாக இருக்கிறது. உண்மை வேறு.

அந்தக் காலத்தில் காட்டுக்குள் போக அஞ்சியவர்கள் யார்? ரோந்து போக வேண்டிய வனக்காவலர்களும், தேனெடுக்கப் போகும் பழங்குடிகளும்தான். கொம்பன் யானைகள் தந்தத்துக்காகவும் சந்தன மரங்கள் காசுக்காகவும் விழுந்துகொண்டேதான் இருந்தன. 2004 அக்டோபரில் வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, 2008இல் சத்தியமங்கலம் காடு சரணாலயமாகவும் 2013இல் புலிகள் காப்பகமாகவும் ஆனது. 1,400 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பு அது. புலிகளின் எண்ணிக்கை இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்ததற்காக 2022இல் சர்வதேச விருதும் கிடைத்தது. அங்கே யாரும் நுழையாததால் புலி பெருகவில்லை. காவலுக்கு ஆட்கள் நாள்தோறும் நடந்ததால் பெருகியது.

அடுத்த மயக்கம் பச்சை. திம்பம் மலைப்பாதையில் பேருந்து ஜன்னல் வழியே கீழே பார்த்தால் எல்லாம் பச்சை. "காடு மீண்டுவிட்டது" என்று தோன்றும். மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கி நடப்பவர்களுக்கு அந்தப் பச்சையின் பெயர் தெரியும்: சீமைக் கருவேலம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அயல் மரம். காய்ந்த யானைச் சாணத்தைக் குச்சியால் கிளறினால் செரிக்காத கருவேல விதைகள் உதிரும். மழை பெய்தால் அந்தச் சாணத்திலேயே முளை விடும். யானையும் வெளிமானும் அதன் காயைத் தின்று ஆற்றோரமெல்லாம் விதைத்துவிடுகின்றன. வெளிமானுக்குத் தேவை திறந்த புல்வெளி. கருவேலம் அடைத்தால் அந்தப் புல்வெளி போயிற்று. மரத்தை வெட்டினால் அடிக்கட்டை நாலு கிளையாகத் துளிர்க்கும். வேரோடு பிடுங்க வேண்டும், மறு ஆண்டு முளைப்பதையும் பிடுங்க வேண்டும், ஊர்ப் புல்லை விதைக்க வேண்டும். இங்கே கையை எடுப்பது என்றால் நிலத்தைக் கருவேலத்துக்கு எழுதிக் கொடுப்பது என்றுதான் பொருள்.

உண்ணிச்செடியின் கதையும் இதுதான். அடுத்துள்ள பிலிகிரிரங்கன் மலையின் சோளகர்கள், முன்பு கோடையில் தாங்கள் வைத்த சிறு தரைத்தீ அந்தப் புதரை அடக்கி வைத்திருந்தது என்கிறார்கள். தீ வைப்பது குற்றமானது. புதர் காட்டை மூடியது. காட்டை "விட்டுவிடுவது" என்ற பெயரில், அதை அறிந்தவர்களின் கையைத்தான் கட்டிப்போட்டோம்.

பாறு கழுகுகளைப் பாருங்கள். மாயாற்றங்கரையில் உயர்ந்த நீர்மருதுகளில் கூடு கட்டும் வெண்முதுகுப் பாறு, ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை இடும். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி, செத்த மாட்டின் வழியே அதன் சிறுநீரகத்தைக் கெடுத்தது. ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் தெரிந்த பறவை, இந்தியாவில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் மடிந்தது. காரணம் 2004இல் அறியப்பட்டது. கால்நடைகளுக்கு அந்த மருந்து 2006இல் தடைசெய்யப்பட்டது. அதன் பிறகும் மருந்துக்கடைகளையும் மாடு வைத்திருப்பவர்களையும் தேடிப்போய்ப் பேச வேண்டியிருந்தது. கோவையின் அருளகம் அமைப்பு அந்த வேலையைச் செய்கிறது. மருந்து புழங்கும்வரை, ஆளே இல்லாத காட்டிலும் பாறு செத்துக்கொண்டுதான் இருக்கும். விஷம் காட்டுக்கு வெளியே, தொழுவத்தில் இருந்து வருகிறது.

"காட்டுச் சாலையில் இரவில் வண்டிகளை நிறுத்தியதே போதுமே?" என்று கேட்கலாம். காப்பகத்தின் ஊடே போகும் பண்ணாரி–திம்பம் சாலையில் இரவுப் போக்குவரத்துக்கு 2019இல் மாவட்ட ஆட்சியர் விதித்த தடை காகிதத்தில் கிடந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் கண்டிப்பாகச் சொன்ன பிறகுதான் அது நடப்புக்கு வந்தது. அந்தச் சாலையை நம்பியிருக்கும் தாளவாடி விவசாயிகள் தங்கள் காய்கறி வண்டிகளுக்காகப் போராடினார்கள். அவர்கள் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டியிருந்தது. சும்மா இருப்பதற்கே ஒரு வழக்கும், ஒரு சோதனைச்சாவடியும், அதில் இரவெல்லாம் விழித்திருக்கும் ஆளும் தேவை.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் உண்டு, மறுக்கவில்லை. மண் கெடாமல், வேரும் விதையும் உள்ளே உயிரோடு இருந்தால், இலையுதிர் காடு ஒரு நல்ல மழையில் தானே தழைக்கும். ஆனால் அயல் செடி புகுந்த கரைக்கும், விஷம் கலந்த உணவுக்கும், ஆலைக்கழிவு வந்து சேரும் ஆற்றுக்கும் அந்தச் சலுகை கிடையாது.

"தன்னால தேறிக்கும்" என்பது பக்தி அல்ல, செலவைத் தட்டிக்கழிக்கும் உபாயம். அதை நம்பும் அரசுக்கு வேட்டைத் தடுப்புக் காவலரின் சம்பளம் வீண்செலவாகத் தெரியும். கருவேலம் பிடுங்கும் கூலியை அடுத்த ஆண்டுக்குத் தள்ளலாம் என்று தோன்றும். காடு மீண்டது என்று அடுத்த முறை யாராவது புகழ்ந்தால், அதை மீட்டவர்கள் யார், அவர்களுக்கு என்ன கூலி கொடுத்தோம் என்று கேளுங்கள்.