பீடம் ஏறிய சேவல்

குப்பையைக் கிளறும் சேவலுக்குச் சிலையா என்று நாம் நகைப்போம். ஆனால் 2013-ஆம் ஆண்டு சூலைத் திங்களில், இலண்டன் மாநகரின் டிரபால்கர் சதுக்கத்தில், பளிச்சென்ற நீல நிறச் சேவல் ஒன்று பீடம் ஏறி நின்றது. உயரம் ஏறக்குறைய 15 அடி! அதைப் படைத்தவர் காத்தரினா பிரிட்ச் என்னும் ஜெர்மானியப் பெண் சிற்பி.

அச்சதுக்கம் போர் வீரர்களின் இடம். 1805-இல் பிரெஞ்சு, ஸ்பானியக் கப்பற்படைகளை வென்று உயிர்நீத்த நெல்சன் அங்கே நெடுந்தூணின் உச்சியில் நிற்கிறார். நம் நாட்டில் ஆங்கிலேயருக்காகப் போரிட்ட நேப்பியர், ஹேவ்லாக் ஆகிய தளபதிகளுக்கும் சிலைகள் உண்டு. நான்காம் பீடமோ, மன்னர் நான்காம் வில்லியமின் சிலைக்கென 1841-இல் கட்டப்பட்டும், பணம் போதாமல் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் வெறுமையாய்க் கிடந்தது. 1999 முதல் அதில் புதிய கலைப்படைப்புகள் மாறி மாறி இடம்பெறுகின்றன. அவ்வாறு வந்ததே இச்சேவல்.

சேவல் பிரான்சு நாட்டின் சின்னமாயிற்றே! பிரெஞ்சுக்காரரை வென்றவரின் எதிரிலேயே அது நெஞ்சை நிமிர்த்தி நின்றால் சிரிப்பு வராதா? ஆண்களின் வீறாப்பைப் பார்த்து ஒரு பெண் செய்த கேலியும் அதில் அடங்கியிருந்தது.

பெருமைக்குரிய இடத்தில் இந்த விளையாட்டு தகுமா என்று சிலர் முகம் சுளித்தனர். தகும் என்பதே நம் கருத்து. பிறரைப் புண்படுத்தும் சிரிப்பு வேறு. செருக்கைக் கரைக்கும் சிரிப்பு வேறு.

பாடுகளின் வரலாற்றை நாம் ஆண்டுதோறும் கேட்கிறோம். எல்லாரும் ஓடினாலும் தாம் ஓடமாட்டேன் என்று மார்தட்டினார் புனித இராயப்பர். அவரைத் தம் நிலை உணர்ந்து அழச் செய்தது அரசனின் ஆணையன்று, ஒரு சேவலின் குரல். ஐரோப்பிய ஆலயங்கள் பலவற்றின் கோபுர உச்சியில் சேவல் நிற்பதும் அதை நினைவூட்டத்தானே!

நமக்கும் பீடங்கள் உண்டு. முதல் மதிப்பெண் ஒரு பீடம். பேச்சுப் போட்டியின் கோப்பை மற்றொன்று. அவற்றில் ஏறியதும் பக்கத்து இருக்கைத் தோழி நம் கண்ணுக்குச் சிறியவளாகத் தெரிகிறாள் அல்லவா? அவ்வேளை அந்த நீலச் சேவலை நினைத்துக்கொள்வோம். நம்மைப் பார்த்து நாமே ஒருமுறை சிரிப்போம். பிறகு இறங்கி வந்து அவள் அருகில் அமர்வோம்.