வீரனின் மூக்கு எங்கே?



லீவுக்கு வந்திருந்த என் அக்கா மகன், கருப்பு பிளாஸ்டிக்கில் செய்த போர் வீரன் பொம்மைக்கு மஞ்சள், 'பெயின்ட்' அடித்தான். பொம்மையின் உயரம், 3 செ.மீ., தான்! ஒருமுறை அடித்தான், கருப்பு தெரிந்தது. 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்' என்று அப்பினான். கடைசியில் கருப்பு மறைந்தது. கூடவே வீரனின் கண், மூக்கு, சட்டை மடிப்பு எல்லாம் மறைந்து, பஜ்ஜி மாவில் முக்கி எடுத்தது போல் நின்றான். பையனுக்கு அழுகையே வந்து விட்டது. திட்ட எனக்கு தகுதி கிடையாது. சின்ன வயதில், நானும் ஒரு பொம்மை விமானத்தை இப்படித் தான் பாழாக்கினேன்.

இந்த வேலைக்கென்றே, 'ஏர் பிரஷ்' என்ற கருவி இருக்கிறது. பேனா அளவு தான். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த அப்னர் பீலர், 1879ல் இதன் ஆரம்ப கால வடிவம் ஒன்றை செய்தார். கொசு மருந்து அடிக்கும் கைப்பம்பை பார்த்திருப்பீர்களே... அதே தத்துவம் தான். வேகமாக பாயும் காற்று, பெயின்ட்டை இழுத்து, பனி போல் சிதறடிக்கிறது. இன்று பலரும் பயன்படுத்தும் வகையில், பொத்தானை அழுத்தினால் காற்று வரும். அழுத்தியபடியே பின்னால் இழுத்தால் பெயின்ட் வரும்.

கருவி வந்து விட்டால் போதுமா? அதிலும் அவசரப்பட்டால் அதே பஜ்ஜி தான்! பெயின்ட்டை பால் பதத்துக்கு கரைக்க வேண்டும். ரொம்ப கிட்டே பிடித்தால், சிலந்திக் கால் போல் நாலாபக்கமும் ஓடும். ரொம்ப தள்ளிப் பிடித்தால், காற்றிலேயே காய்ந்து, சொரசொரப்பாக ஒட்டும். பொம்மைக்கு வெளியே அடிக்க துவங்கி, அதைக் கடந்து போய் நிறுத்த வேண்டும். முதல் பூச்சில் அடி நிறம் தெரியத் தான் செய்யும். பதறக் கூடாது, காய விட்டு, அடுத்த பூச்சு.

மஞ்சள் ஏன் இப்படி படுத்துகிறது தெரியுமா? பல மஞ்சள், சிவப்பு பெயின்ட்டுகளுக்கு, அடியில் உள்ளதை மறைக்கும் சக்தி குறைவு. கருப்பின் மேல் பத்து பூச்சு அடித்தாலும் மங்கலாகத் தான் இருக்கும். முதலில் வெள்ளை, 'பிரைமர்' அடித்து விட்டால், இரண்டு, மூன்று மெல்லிய பூச்சிலேயே மஞ்சள் பளிச்சிடும். பெயின்ட்டை கூட்டுவதை விட, அடியில் இருப்பதை மாற்றுவது தான் சுலபம்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பானவன். ஏர் பிரஷ்சில் வரும் துளிகள் மிக நுண்ணியவை. மூச்சோடு நுரையீரல் வரை போகும். 'தண்ணீரில் கரையும் பெயின்ட் தானே' என்று அலட்சியம் வேண்டாம். கைக்குட்டை கட்டினால் போதாது. இதற்கென உள்ள, 'மாஸ்க்' அணிய வேண்டும். ஜன்னல் திறந்திருக்க வேண்டும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். இது மூன்றும் இல்லாவிட்டால், கருவியை தொடாதீர்கள்.

ஏர் பிரஷ் இல்லையே என்று வருந்தாதீர்கள். விலை அதிகம் தான். சாதா பிரஷ்சிலும் இதே கதை தான்... கரைத்து, மெல்லியதாக இரண்டு பூச்சு.

அக்கா மகன், இன்னொரு வீரனுக்கு வெள்ளை அடித்து, காய வைத்திருக்கிறான். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, 'காய்ஞ்சிடுச்சா மாமா?' என்று கேட்டுக் கொண்டிருக்கிறான்!

அன்புடன்,
ஆசிரியர்.