அரைப் பேருக்காக வாக்கை விடுவதா?

தோழர்களே, கலஹாவிலோ தெல்தோட்டையிலோ கூட்டம் வைத்தால் நிற்க இடமில்லை. மேளம், பட்டாசு, கொடி. வாக்களிப்பு நாளன்று பார்த்தால் லயத்துப் பிள்ளைகளில் பாதிப்பேர் கொழும்புக் கடைகளில் நிற்கிறார்கள். பெயர் இங்கே, ஆள் அங்கே. கைதட்டலைப் பெட்டியில் போட முடியாது!

நுவரெலியாவைப் போல் கண்டியில் நாம் திரளாக இல்லை. மாவட்டத்தின் 12 ஆசனங்களில் ஒன்றைப் பிடிக்கவே ஒவ்வொரு வாக்கும் வேண்டும்.

1947இல் நம் பாட்டன்மார் திரண்டு போட்டார்கள். மலையகத் தொகுதிகளில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் வென்றது; வேறு தொகுதிகளில் இடதுசாரிகளுக்குக் கைகொடுத்ததும் தோட்டத்து வாக்குதான். பயந்துபோன ஆட்சியாளர்கள் 1948இல் குடியுரிமையைப் பறித்தார்கள், 1949இல் வாக்கையும் பறித்தார்கள். மிச்சமிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கிடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது.

அப்படி மீட்டதை அரைப் பேர் வெட்டுவார்கள் என்று பயந்து விடுவதா? "கொழுந்து நிறுத்துவிட்டுப் போ" என்கிறார்கள் சில தோட்டங்களில். நிறுத்து முடித்து, மலையிறங்கி, சாவடிக்குப் போய்ச் சேர்வதற்குள் 4 மணி அடித்துவிடும். அது அவர்களுக்கும் தெரியும்!

வாக்களிக்கக் குறைந்தது 4 மணித்தியாலம் சம்பளம் வெட்டாமல் லீவு தரவேண்டும் என்பது பாராளுமன்றத் தேர்தல் சட்டம். துரையின் தயவல்ல. எழுத்தில் கேளுங்கள், பிரதியை வைத்திருங்கள். கொழும்புப் பிள்ளைகளும் முதலாளியிடம் அப்படியே கேட்கட்டும். மறுத்தால் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் அன்றே சொல்லுங்கள். பேசவேண்டியதை நாம் பேசுகிறோம்.