கடிதத்தைப் பிரிப்பது யார்?

பெண்கள் புனையும் கதைகள் அடுப்பங்கரையையும் அந்தரங்கத்தையும் தாண்டுவதில்லை என்று தீர்ப்பளிக்கும் திறனாய்வாளர்கள் இன்றும் உளர். அவர்களுக்குப் போர்ச்சுகல் நாட்டின் இலக்கிய வரலாற்றிலிருந்து மறுமொழி கூற விழைகிறோம்.

1669ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் ஐந்து காதல் கடிதங்கள் கொண்ட சிறுநூலொன்று வெளிவந்தது. தன்னைக் கைவிட்டுச் சென்ற பிரெஞ்சுப் படை அதிகாரிக்குப் போர்ச்சுகீசியக் கன்னியாஸ்திரீ ஒருத்தி வரைந்த மடல்கள் அவை என்று உலகம் நம்பிற்று. அவற்றைப் புனைந்தவர் ஒரு பிரெஞ்சுக்காரரே என்பது இன்று ஆய்வாளர் பலரின் முடிவு. பெண்ணின் புலம்பலைக்கூட ஆணே எழுதிக்கொண்டான்!

மூன்று நூற்றாண்டுகள் கழிந்து, 1972இல், மரியா இசபெல் பரேனு, மரியா தெரசா ஓர்தா, மரியா வெல்யு ட கோஷ்தா ஆகிய மூவரும் கூடிப் 'புதிய போர்ச்சுகீசியக் கடிதங்கள்' என்னும் நூலைப் படைத்தனர். மனைவிக்கு வரும் கடிதத்தைக் கணவன் பிரித்துப் பார்க்கச் சட்டமே இடமளித்திருந்த நாடு அது. 1976இல்தான் அவ்விதி நீங்கியது. அத்தகைய நாட்டில் அவர்கள் கடிதத்தையே கருவியாகக் கொண்டனர். இல்லத்துள் அடைபட்டவளும் கணவனை ஆப்பிரிக்கப் போருக்கு அனுப்பியவளும் அந்நூலில் வாய் திறந்தனர்.

அரசு நூலைத் தடைசெய்தது. ஒழுக்கக்கேடு என்று வழக்கும் தொடுத்தது. எப்பகுதியை எவர் எழுதினார் என்று துருவிக் கேட்டது. மூவரும் இறுதிவரை சொல்ல மறுத்தனர்.

ஒழுக்கமே அரசின் கவலை என்போரை நாம் கேட்கிறோம்: 1974 ஏப்ரல் 25ஆம் நாள் சர்வாதிகாரம் வீழ்ந்தது, மே 7ஆம் நாள் மூவரும் விடுதலையாயினர். இடையே நூலில் ஒரு வரியேனும் மாறியதா? மாறியது ஆட்சியன்றோ! அஞ்சப்பட்டது ஆபாசமன்று; பெண் தன் நிலையைத் தானே உரைத்ததே.

அது அந்தரங்கக் கூச்சல் மட்டுமே என்பாரும் உண்டு. அவர்கள் லிடியா ஜோர்ஜ் 1988இல் வெளியிட்ட 'முணுமுணுப்புகளின் கடற்கரை' என்னும் நாவலைப் படிக்கட்டும். மொசாம்பிக் போர்க்காலத்தில் நிகழும் ஒரு திருமணத்தைப் பற்றிய அழகிய சிறுகதையோடு அது தொடங்குகிறது. பின்னர், அன்று மணமகளாயிருந்தவளே ஆண்டுகள் பல கடந்து அக்கதையின் பொய்களை ஒவ்வொன்றாய் அவிழ்க்கிறாள். ஒரு பேரரசின் போரையே விசாரிக்கும் அக்குரலையா அடுப்பங்கரைக் குரல் என்பது?

அன்று குற்றஞ்சாட்டப்பட்ட மூவருள் ஒருவரான வெல்யு ட கோஷ்தாவுக்கே, 2002இல் போர்ச்சுகீசிய மொழியின் தலைசிறந்த விருதான கமோயிஷ் பரிசு வழங்கப்பட்டது. தாமதமாக வந்த அப்பெருமையை நாம் வரவேற்கிறோம். ஆயினும், எழுதும் பெண்ணுக்கு நாம் செய்யத்தக்க முதல் மரியாதை பரிசன்று. அவள் எழுதியதைப் படித்த பின்னரே தீர்ப்புரைப்பதாகும்.