அட்வான்ஸ் என்னும் இரண்டாவது வாடகை

சென்னையில் வாடகைக்கு வீடு தேடும் ஏழைக் குடும்பத்துக்கு முதல் சிக்கல் வாடகை அல்ல, அட்வான்ஸ். மாத வாடகை 8,000 ரூபாய் என்றால், வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ் 80,000 ரூபாய். வீட்டு வேலை செய்பவரும் ஆட்டோ ஓட்டுபவரும் அவ்வளவு பணத்தை வட்டிக்குத்தான் வாங்க வேண்டும். மூன்று வட்டி என்றால்கூட மாதம் 2,400 ரூபாய். வீட்டுக்காரரிடம் வட்டியில்லாமல் கிடக்கும் பணத்துக்கு, வெளியே வட்டி கட்டுகிறார்கள். அவர்கள் மாதாமாதம் கொடுப்பது ஒரு வாடகை அல்ல, இரண்டு!

சட்டம் என்ன சொல்கிறது?

வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளுக்கான தமிழ்நாட்டின் 2017-ம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது அது. தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி, குடியிருப்பவரை விரட்டக் கூடாது என்றும் சொல்கிறது.

ஆனால், கூடவே ஒரு வாசலும் திறந்திருக்கிறது. இருவரும் வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் மூன்று மாத வரம்பு பொருந்தாது. வீடு கிடைத்தால் போதும் என்று நிற்பவர், எந்தத் தாளில்தான் கையெழுத்துப் போடமாட்டார்?

இன்னொன்றும் உண்டு. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். பதிவும் செய்ய வேண்டும். ஒப்பந்தம் இல்லை என்பதே வீட்டைக் காலி செய்யச் சொல்ல ஒரு காரணம் ஆகலாம். எழுதித் தர மறுப்பவர் பெரும்பாலும் உரிமையாளர். மூட்டை கட்டுபவரோ வாடகைதாரர்.

நடுவில் விடுபட்டவர்கள்

அரசின் வீட்டுத் திட்டங்கள் பெரும்பாலும் ‘சொந்த வீடு’ என்ற ஒரே கனவைச் சுற்றியே வந்திருக்கின்றன. சொந்த மனை இருந்தால் கட்டுவதற்கு மானியம். குடிசைப் பகுதியை அகற்றினால், கணக்கெடுப்பில் பெயர் உள்ளவருக்கு மாற்று வீடு. மனையும் இல்லாமல், கணக்கிலும் வராமல், மாடிப்படிக்கு அடியில் ஓர் அறையில் குடியிருக்கும் குடும்பம் இந்த இரண்டிலும் சேராது.

மாற்று வீடு கிடைத்தவர்களுக்கும் பாதிக் கதைதான். 1970-ல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம், இன்று நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். கண்ணகி நகர், பெரும்பாக்கம் என அது கட்டிய பெரிய குடியிருப்புகள் நகரத்தின் தெற்கு விளிம்பில் இருக்கின்றன. மயிலாப்பூரில் நாலு வீட்டில் வேலை பார்த்தவருக்குப் பேருந்துக் கட்டணமும் பயண நேரமும் சம்பளத்தைத் தின்றுவிடும். வேலைக்காக மறுபடி நகரத்துக்குள் வாடகை அறைக்கே திரும்பியவர்களும் உண்டு.

வேலைக்கு அருகில் வீடு என்ற யோசனை அரசுக்குத் தெரியாதது அல்ல. 2024-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. வேலைக்குப் போகும் பெண்களுக்கு ‘தோழி’ விடுதிகள் வந்திருக்கின்றன. நல்ல தொடக்கம். ஆனால், இவை தனி ஆளுக்கான படுக்கைகள். கணவன், மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள் என்று ஒரு குடும்பம் எங்கே போகும்?

வியன்னா சொல்லும் வழி

ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னா, 1920-களிலேயே இந்தக் கேள்விக்கு விடை தேடியது. ஆடம்பரத்துக்கும் பெரிய வீடுகளுக்கும் கூடுதல் வரி போட்டு, அந்தப் பணத்தில் நகராட்சியே வாடகைக் குடியிருப்புகளைக் கட்டியது. இன்று அந்த நகராட்சியிடம் சுமார் 2,20,000 வாடகை வீடுகள் இருக்கின்றன. அவை ஊருக்கு வெளியே ஒதுங்கி நிற்கவில்லை; நகரமெங்கும் பரவியிருக்கின்றன.

வியன்னா அளவுக்கு வேண்டாம். அதன் வழியில் ஓர் அடி எடுத்துவைக்கலாம். பெரிய கட்டடங்களிடம் உறைவிடக் கட்டணம் வசூலிக்கும் முறை தமிழ்நாட்டில் ஏற்கெனவே உண்டு. அதில் ஒரு பங்கை, நகரத்துக்குள் குடும்பங்களுக்கான வாடகை வீடுகளுக்கென்றே ஒதுக்கலாம். மெட்ரோ நிலையங்களை ஒட்டிய அரசு நிலத்தை விற்காமல், அங்கேயே கட்டி வாடகைக்கு விடலாம். குறைந்த வாடகை வீடுகளுக்காவது மூன்று மாத அட்வான்ஸ் என்பதை விலக்கே இல்லாத விதியாக்கலாம்.

அதுவரை வாடகைக்குப் போகிறவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: ஒப்பந்தத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், பதிவு செய்யுங்கள், அட்வான்ஸுக்கு ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். நகரத்தைத் துடைத்து, சமைத்து, ஓட்டி நடத்துகிறவர்கள் அந்த நகரத்துக்குள்ளேயே உறங்க இடம் கேட்பது சலுகை அல்ல.