கண்ணை மூடினால் காது திறக்கும்!

கடையில் கேட்டபோது அசத்திய ஸ்பீக்கர், வீட்டு ஹாலுக்கு வந்ததும் சப்பென்று ஆகிவிடுகிறது. விலை உயர்ந்த ஸ்பீக்கர் வாங்கியவர்களின் பழைய புலம்பல் இது. ஸ்பீக்கரில் பெரும்பாலும் குறை இருக்காது. ஒப்பிட்டுப் பார்த்த விதத்தில்தான் கோளாறு.

பைக் விலையில் தொடங்கி கார் விலை வரை போகிற பொருள் இது. ஒருமுறை வாங்கினால் வருடக்கணக்கில் வீட்டில் நிற்கப் போவது. அதைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் காதை ஏமாற்றுபவை நான்கு: கண், சத்தம், அறை, பாட்டு.

கண் செய்யும் கலாட்டா

1994-ல் ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரண்டு ஒலியியல் ஆய்வாளர்கள் அமெரிக்காவின் ஹார்மன் நிறுவனத்தில் ஒரு சோதனை நடத்தினார்கள். நிறுவனத்தின் ஊழியர்கள் 40 பேர், நான்கு ஸ்பீக்கர்களைக் கேட்டு மார்க் போட வேண்டும். ஒரு சுற்றில் ஸ்பீக்கர்கள் திரைக்குப் பின்னால். இன்னொரு சுற்றில் கண்ணெதிரே.

நான்கில் ஒன்று, பிளாஸ்டிக் பெட்டியில் அடங்கிய சின்ன, விலை குறைந்த செட். இன்னொன்று, சுமார் 3,600 டாலர் விலையுள்ள, பத்திரிகைகள் பாராட்டிய வேறு நிறுவனத்தின் பெரிய ஸ்பீக்கர். திரை இருந்தபோது அந்தச் சின்ன செட்தான் பெரியதைவிடக் கொஞ்சம் கூடுதல் மார்க் வாங்கியது. திரை விலகியதும் முடிவு தலைகீழ்! சின்னது தங்கள் கம்பெனி தயாரிப்பு என்று தெரிந்தும்கூட, அதன் உருவமும் விலையும் மார்க்கை இறக்கிவிட்டன. கேட்டவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. கண் பார்த்ததைக் காது அப்படியே நம்பிவிட்டது.

இதற்கு எளிய மருந்து உண்டு. உடன் வருபவர் ஸ்பீக்கரை மாற்றிவிட, வாங்குபவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்கலாம். எது ஒலிக்கிறது என்பதும், எது என்ன விலை என்பதும் கடைசியில் தெரிந்தால் போதும்.

சத்தம் அதிகம் என்றால் தரம் அதிகமா?

ஒரே ஸ்பீக்கரை முதலில் சாதாரணமாகவும், பிறகு ஒரு துளி சத்தம் கூட்டியும் ஒலிக்கவிட்டால், இரண்டாவதுதான் 'நன்றாக இருக்கிறது' என்று தோன்றும். சத்தம் கூடியது தெரியாது. தரம் கூடியது போலத்தான் இருக்கும். மெல்லிய சத்தத்தில் பாஸ் ஒலியை நம் காது சரியாக வாங்கிக்கொள்வதில்லை என்பதை ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரு விஞ்ஞானிகள் 1933-லேயே அளந்து சொல்லிவிட்டார்கள். சத்தம் கூடினால் பாஸும் நிறைவாகக் கேட்கும்.

ஸ்பீக்கரின் விவரத் தாளில் 'சென்சிடிவிட்டி' என்று ஓர் எண் இருக்கும். ஒன்றில் 86 டெசிபல், இன்னொன்றில் 90 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். வால்யூம் திருகைத் தொடாமல் இரண்டையும் மாற்றிக் கேட்டால், இரண்டாவது 4 டெசிபல் கூடுதலாக ஒலிக்கும். முதலாவது அதே சத்தத்தை எட்ட ஏறக்குறைய இரண்டரை மடங்கு மின்சக்தி வேண்டும். அங்கேயே போட்டி முடிந்துவிடும். அது நியாயமான போட்டி அல்ல.

இங்கே கையிலிருக்கும் செல்போன் உதவும். ஒலி அளவு காட்டும் இலவச ஆப் ஒன்றை இறக்கிக்கொண்டு, உட்காரும் இடத்தில் போனை வைக்க வேண்டும். 'பிங்க் நாய்ஸ்' எனப்படும் அருவி இரைச்சல் போன்ற ஒலியை இரண்டு ஸ்பீக்கரிலும் மாறி மாறி ஓடவிட்டு, ஆப் காட்டும் எண் ஒன்றாக வரும்வரை வால்யூமைச் சரிசெய்ய வேண்டும். அதன் பிறகு கேட்பதுதான் ஒப்பீடு. எந்த ஸ்பீக்கருக்கு வால்யூம் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று குறித்துக்கொண்டால் கடைக்காரருக்கும் தொல்லை இல்லை.

அறையும் ஒரு ஸ்பீக்கர்தான்

சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள பாஸ் ஒலியில், ஸ்பீக்கருக்கு இருக்கும் பங்கைப் போலவே அறைக்கும் பெரிய பங்கு உண்டு. ஸ்பீக்கரைச் சுவரோரம் தள்ளினால் பாஸ் ஏறும். மூலையில் வைத்தால் இன்னும் ஏறும். கேட்பவர் நாற்காலியை இரண்டடி நகர்த்தினாலே சில ஸ்வரங்கள் வீங்கும், சில காணாமல் போகும்.

கடையின் டெமோ அறையில் கம்பளம், திரைச்சீலை, தடித்த சோபா எல்லாம் இருக்கும். நம் வீடுகளிலோ டைல்ஸ் தரை, வெறும் சுவர், கண்ணாடி ஜன்னல். ஒலி பட்டுப் பட்டுத் தெறிக்கும். அதனால், முன்பணம் கொடுத்தாவது இரண்டு நாள் வீட்டில் வைத்துக் கேட்க முடியுமா என்று கடையில் விசாரிப்பது நல்லது. அது முடியாவிட்டால், ஸ்பீக்கர் நிற்கப்போகும் இடத்துக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை வீட்டில் அளந்து போய், கடையிலும் அதே தூரத்தில் வைக்கச் சொல்லலாம்.

எந்தப் பாட்டு?

கடைக்காரர் போடும் டெமோ பாட்டு, அந்த ஸ்பீக்கரை அழகாகக் காட்டுவதற்கென்றே தேர்ந்தெடுத்ததாக இருக்கும். நூறு முறை கேட்டு மனப்பாடமான நம் பாட்டுகளை எடுத்துச் செல்வதே நல்லது. முதலில் மனிதக் குரல். எஸ்.பி.பி., எஸ்.ஜானகி குரல்கள் எப்படி இருக்கும் என்று நம் காதுக்குத் தெரியும். மூக்கடைத்தது போலவோ, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலவோ இருந்தால் உடனே பிடிபடும். அடுத்து மிருதங்கம். வலந்தலையின் கணீரும் இடந்தலையின் கும்கியும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். கும்கி 'தொம்' என்று இழுத்துக்கொண்டே போனால், பாஸ் கட்டுப்பாட்டில் இல்லை என்று அர்த்தம்.

ஒரே பாட்டின் அரை நிமிடத் துண்டை மாற்றி மாற்றிக் கேட்பது நல்லது. நுணுக்கமான ஒலி வேறுபாடுகள் நினைவில் அதிக நேரம் தங்காது. ஜோடியில் ஒன்றை மட்டும் ஒலிக்கவிட்டால் குறைகள் இன்னும் வெளிப்படையாகத் தெரியும் என்பதும் டூல் கண்டுசொன்னதே. தேறி வருவதை முழுதாக ஒரு மணி நேரம் கேட்க வேண்டும். முதல் ஐந்து நிமிடத்தில் 'பளிச்'சென்று இருப்பது, ஒரு மணி நேரத்தில் தலைவலியாக மாறலாம்.

வீட்டில் எல்லோரும் கேட்கட்டும்

வயது ஏற ஏற, உச்ச ஒலிகளைக் கேட்கும் திறன் குறையும். தாத்தாவுக்குத் 'தெளிவாக' இருக்கும் ஸ்பீக்கர், பேத்தியின் காதைக் குத்தலாம். ஹாலில் வைக்கப்போகும் பொருள் என்பதால் இருவரையும் அழைத்துப் போவது நல்லது. தாத்தா, பேத்தி இருவரும் கண்ணை மூடிக் கேட்டு ஒரே ஸ்பீக்கரைக் கைகாட்டினால், அதன் விலைச்சீட்டைத் தைரியமாகத் திருப்பிப் பார்க்கலாம். பட்ஜெட்டைவிடக் குறைவாக இருந்தாலும் ஆச்சரியமில்லை!